ஒரு ஊசி, இரண்டு சோதனை

அக்கா வயிற்றில் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போய் வந்த அன்று, "ரத்தம் எடுத்தவை" என்றா. எதுக்கு எண்டு கேட்டன். "எல்லாருக்கும் எடுக்கினம்" என்பதுதான் பதில். அதில் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள் என்று அவவுக்குப் பிறகுதான் தெரியும்.

2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்றிதழ் தந்தது: தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இந்த நாடு ஒழித்துவிட்டது. 2015இல் கியூபா, 2016இல் தாய்லாந்து ஏற்கெனவே வாங்கியதுதான். பெருமைப்படலாம். ஆனால் இந்தக் கதையை 2019இலிருந்து சொன்னால் பாதிதான் விளங்கும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவுக்குப் போகவேணும். ஒரு பிரதேசம், அதற்கொரு வைத்திய அதிகாரி, வீடு வீடாகப் போகும் மருத்துவமாது. இண்டைக்கு எம்.ஓ.எச். ஒபிஸ், மிட்வைஃப் அக்கா என்று நாங்கள் சொல்வதெல்லாம் அந்த முறையின் தொடர்ச்சிதான்.

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1987இல். அதன்பிறகு கனகாலம் சோதனை என்றால் பாலியல் நோய் சிகிச்சை நிலையம்தான். ஊரில் யார் அந்த வாசலில் போய் நிற்பார்? ஆனால் கர்ப்பிணி கிளினிக்குக்குப் போவதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறேல்லை. அங்கே சிபிலிசுக்காக ஏற்கெனவே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2010களில் அதே ரத்தத்தோடு எச்.ஐ.வி. சோதனையையும் சேர்த்தார்கள். புதுக் கட்டடம் இல்லை, புது வரிசை இல்லை.

இலங்கையில் தொற்று 0.1 வீதத்துக்கும் குறைவு. பிறகேன் எல்லாருக்கும் சோதனை, 'சந்தேகமானவைக்கு' மட்டும் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. யார் சந்தேகமானவர் என்று ஆர் முடிவெடுக்கிறது? எல்லாரிடமும் எடுப்பதால்தான் ஒருத்தியையும் விரல் நீட்டிக் காட்டவேண்டி வரவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள 100 தாய்மாரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைகளுக்குத் தொற்றலாம். சான்றிதழுக்கு 95 வீதமான கர்ப்பிணிகளையாவது சோதித்திருக்க வேண்டும். வீடு தேடிப் பதியும் மருத்துவமாது இல்லாமல் அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் போயிருக்கேலாது.

எனக்குக் குறையும் இருக்கு. வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. ஆனால் என்ன சோதனை என்றே தெரியாதவள் எப்படி வேண்டாம் என்பாள்? கிளினிக் நெரிசலில் அதை விளக்குவது கஷ்டம் என்று விளங்குது. ஆனாலும் இரண்டு வசனம் சொல்லலாம்.

மற்றது, நாட்டில் பதிவாகும் தொற்றாளர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். களுத்துறையில் தொடங்கிய அந்த ஏற்பாடு தாயையும் பிள்ளையையும்தான் வீடு தேடிப் போனது. அண்டைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போன அத்தான் கிளினிக் வாசலில், மோட்டச்சைக்கிளில் ரண்டு மணித்தியாலம் இருந்தவர். அவரிட்ட ஒருத்தரும் ரத்தம் கேக்கேல்லை.