அளவுமாதிரிப் பந்தயக் கார்களில் இருவண்ணப் பூச்சு: ஒரு வரலாறு

உண்மையான பந்தயக் கார் ஒன்றின் இரு முதன்மை நிறங்களையும், அவை சந்திக்கும் கோட்டையும் சிறிய அளவில் திரும்ப உருவாக்கும் கைவேலையே இருவண்ணப் பூச்சு ஆகும். 1/43, 1/24, 1/20, 1/12 ஆகிய அளவுகளில் செய்யப்படும் மாதிரிக் கார்களில் இது பெரிதும் காணப்படுகிறது. இவ்வேலையில் நிறத்தைவிடக் கடினமானது கோடு. 1/24 மாதிரியில் கோடு அரை மில்லிமீட்டர் விலகினால், முழு அளவுக் காரில் அது 12 மில்லிமீட்டர் விலகலுக்குச் சமம். எனவே இக்கலையின் வரலாறு இரு நிறங்களைப் பிரித்து வைக்கும் வழியைத் தேடிய வரலாறாகவும் இருக்கிறது.

மறைப்பு நாடாவின் தோற்றம்

1920களின் தொடக்கம் வரை கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் வகைப் பூச்சுகளே பரவலாகப் பயன்பட்டன. அவை உலர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை அறிமுகப்படுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் ஓக்லாண்ட் கார்களில் பயன்படுத்தியது. பல நிறங்களில் கார் கிடைக்கவே, மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமும் கொண்ட கார்கள் நாகரிகமாயின.

இந்த நாகரிகம் பட்டறைத் தொழிலாளிகளுக்குத் தலைவலியானது. முதல் நிறத்தைக் காகிதம் ஒட்டி மறைத்து இரண்டாம் நிறத்தைத் தெளிப்பார்கள். பசை வலுவாக இருந்ததால், காகிதத்தை உரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து உரிந்து வந்தது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில், அப்போது உப்புத்தாள் செய்துவந்த 3எம் நிறுவனத்தின் இளம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ இதை ஒரு பட்டறையில் நேரில் கண்டார். உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கவே அவர் அங்கு சென்றிருந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு முயற்சிக்குப் பின், 1925இல் ஒட்டவும் எளிதில் உரியவும் கூடிய மாஸ்கிங் டேப் உருவானது. சுருக்கமிட்ட காகிதத்தால் ஆனதால் அது வளைவுகளிலும் படிந்தது. இன்று மாதிரி செய்பவர் மேசையில் உள்ள மெல்லிய மறைப்பு நாடாவும் இதன் வழிவந்ததே.

பந்தயத்தில் நிறங்கள்

பந்தயக் கார்களின் நிறம் முதலில் நாட்டைக் குறித்தது. 1900இல் தொடங்கிய கோர்டன் பென்னட் கோப்பைப் போட்டியில் பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள், அமெரிக்காவுக்குச் சிவப்பு என வகுக்கப்பட்டது. 1903இல் போட்டி அயர்லாந்தில் நடந்தபோது பிரிட்டன் பச்சையை ஏற்றது. பின்னாளில் அமெரிக்கக் கார்கள் வெள்ளையும் நீலமும் சேர்ந்த இருவண்ணத்துக்கு மாறின.

1960களின் இறுதியில் இந்த வழக்கம் மாறியது. 1968இல் லோட்டஸ் அணி தன் பச்சையைக் கைவிட்டு, கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களை ஏற்றது. நாட்டுக் கொடியின் இடத்தை விளம்பரதாரரின் நிறம் பிடித்தது.

அதற்கு ஓராண்டு முன்பே, மாதிரி செய்வோர் பின்னாளில் மிகவும் விரும்பிய நிறச்சேர்க்கை களத்தில் இறங்கிவிட்டது. கல்ஃப் ஆயில் நிறுவனத்தின் உயர் அதிகாரி கிரேடி டேவிஸ், ஜான் வயரின் பந்தய அணிக்கு ஆதரவளித்தார். கல்ஃபின் சொந்த நிறங்கள் கரு நீலமும் ஆரஞ்சும். ஆனால் அது வாங்கியிருந்த கலிபோர்னியாவின் வில்ஷையர் நிறுவனம் வெளிர் நீலத்தைப் பயன்படுத்தியது. அந்த வெளிர் நீலமும் ஆரஞ்சுமே அணியின் கார்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1967இல் ஸ்பா 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜாக்கி இக்ஸும் டிக் தாம்சனும் ஓட்டிய மிராஜ் கார் இந்நிறங்களில் வென்றது. 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒரே ஃபோர்டு ஜிடி40 கார் வென்றது. அதன் சட்டக எண் 1075. 1969இல் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ 120 மீட்டர் மட்டுமே.

அதே நிறங்களைப் பூண்ட போர்ஷே 917 லெ மானில் ஒருமுறைகூட வெல்லவில்லை. இருப்பினும் 1971இல் வெளிவந்த 'லெ மான்' திரைப்படத்தால் புகழ்பெற்று, மாதிரியாகத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் கார்களுள் ஒன்றானது.

மாதிரித் தொழில்

பிரிட்டனின் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் 'டிங்கி' என்ற பெயரில் உலோக வார்ப்புக் கார்களை விற்றது. 1950களின் நடுவில் அதன் இருவண்ணக் கார்கள் கடைகளுக்கு வந்தன. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946இல் மர அறுவை நிறுவனமாகத் தொடங்கிய தமியா, 1960இல் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. 1967இல் அது வெளியிட்ட 1/12 அளவு ஹோண்டா பார்முலா 1 கார், பந்தய மாதிரிகளில் நுணுக்கத்துக்கு வழிகாட்டியது. உதிரிகளாக வரும் இத்தகைய தொகுப்புகளில் வண்ணம் பூசும் பொறுப்பு வாங்குபவருடையது.

பூசும் முறை

முதலில் உடலைக் கழுவி, பிரைமர் அடிக்க வேண்டும். வலுவான லாக்கர் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கக்கூடும் என்பதால் பிரைமர் ஒரு காப்பும் ஆகிறது. அடுத்து எந்த நிறம் முதலில் என்பதே முக்கிய முடிவு. ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றுக்கு அடி நிறத்தை மறைக்கும் ஆற்றல் குறைவு. நீலத்தின்மேல் ஆரஞ்சு அடித்தால் அது மங்கிவிடும். ஆகவே கல்ஃப் காருக்கு வெள்ளை அடித்தளத்தின்மேல் ஆரஞ்சை அடித்து, நன்கு உலர்ந்த பின் அந்தப் பட்டையை நாடாவால் மறைத்து, பிறகு நீலத்தைத் தெளிப்பது வழக்கம்.

நாடாவின் ஓரத்தை அழுத்திய பின், ஏற்கெனவே அடித்த நிறத்தையே அதன்மேல் மெல்லிதாக ஒருமுறை தெளிப்பது பழகிய உத்தி. இடுக்கில் கசிந்தாலும் அதே நிறம் கசிவதால் கோடு கெடாது. இரண்டாம் நிறத்தைப் பல மெல்லிய படலங்களாக அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் கோட்டில் மேடு உண்டாகும். வண்ணம் முழுதும் இறுகும் முன், நாடாவைத் தன்மீதே மடித்தபடி மெதுவாக உரிக்க வேண்டும். இறுதியில் ஒட்டுப்படங்களை வைத்து, நிறமற்ற பூச்சு இட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவர்.

எது உண்மையான நிறம்?

கோடு நேராக அமைந்தாலும் நிறம் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற மெக்லாரன் எம்பி4/4, படங்களில் சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும். உண்மையில் அச்சிவப்பு, ஆரஞ்சு சாயல் கொண்ட ஒளிரும் வண்ணம். தொலைக்காட்சித் திரையில் மார்ல்போரோ சிவப்பாகத் தோன்றுவதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. மாதிரி செய்பவர் காரில் இருந்த நிறத்தைப் பூசுவதா, மக்கள் கண்ட நிறத்தைப் பூசுவதா என்று முடிவு செய்ய வேண்டியுள்ளது.

உண்மையான கார்களும் மாறிவிடுகின்றன. 1074 என்ற எண்ணுள்ள கல்ஃப் ஜிடி40, 'லெ மான்' படப்பிடிப்பில் கேமராவைச் சுமக்கும் காராகப் பயன்பட்டது. அதற்காக அதன் கூரை வெட்டி எடுக்கப்பட்டது. பின்னர் அது சீரமைக்கப்பட்டு 2012இல் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பழைய வண்ணப் படச்சுருள்கள் மங்குகின்றன. புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகளால் மறுவெளியீட்டு மாதிரித் தொகுப்புகளில் சிகரெட் பெயர்கள் விடுபடுகின்றன. இச்சூழலில் கவனமாகச் செய்யப்பட்ட மாதிரி, வரலாற்றுச் சான்றுகளை ஒப்பிட்டு எழுதப்பட்ட குறிப்பைப் போன்றது. எந்தப் பந்தயம், எந்த ஆண்டு, எந்தச் சட்டக எண் என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே அனுபவமுள்ளோர் நாடாவைக் கையில் எடுக்கின்றனர்.