போஹோ மண்ணும் டிப்பரரி மூலிகைப் பாலும்

1937-ல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு அருமையான வேலை செய்தது. தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னது. 1939-க்குள் எழுதிய பிள்ளைகள் சுமார் 50,000 பேர். இன்று அத்தனையும் இணையத்தில் கிடைக்கிறது. வைத்தியப் பகுதிக்குள் நுழைந்தால் சீக்கிரம் வெளியே வர முடியாது.

பாதி மரு வைத்தியம்தான். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் கழுவு. நத்தையைத் தேய்த்து முள்ளில் குத்திவை, அது காயக் காய மருவும் காயும். (மரு தானாகவே உதிரும் என்பது நத்தைக்குத் தெரியாது, பாவம்.) சில குணங்கள் செடியில் இல்லை, ஆளிடம் இருக்கின்றன: ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன், தன் குடும்பப் பெயரே உள்ளவரை மணந்த பெண், அப்பாவைப் பார்த்தே இராத பிள்ளை. இந்தப் பிள்ளை வாய்க்குள் ஊதினால் குழந்தையின் வாய்ப்புண் ஆறுமாம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. ஃபெர்மனாவில் போஹோ என்ற ஊர். (வட அயர்லாந்து என்பதால் மேற்படி தொகுப்பில் வராது.) அங்கே தேவாலயக் கல்லறை மண்ணைக் கொஞ்சம் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்தால் பல்வலி, தொண்டைப்புண் குணமாகும் என்பார்கள். மண்ணைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். 1815-ல் இறந்த பாதிரியார் மெக்கிர் தன் கல்லறை மண்ணுக்கு அந்தச் சக்தி உண்டென்று சொல்லிவிட்டுப் போனதாக நம்பிக்கை. 2018-ல் ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வுக்குழு அந்த மண்ணில் புதிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா ஒன்றைக் கண்டது; மருந்துக்கு அடங்காத சில கிருமிகளை அது ஆய்வகத்தில் அடக்கியது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததும் இந்த இனத்திலிருந்துதான். ஆனால் தலையணைக்கடியில் இருக்கும் மண் பல்வலியைப் போக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை.

'பார்த்தீங்களா, அப்பவே சொன்னாங்க' என்று இந்தச் செய்தியைப் பகிர்கிறவர்கள் பிரிஜெட் கிளியரியையும் படிக்கணும். டிப்பரரிக்காரர், தையல் மெஷின் வைத்துச் சொந்தமாகச் சம்பாதித்தவர். 1895 மார்ச்சில் நோயில் படுத்தார். டாக்டரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். கணவன் மைக்கேலுக்கோ படுத்திருப்பது மனைவியே இல்லை, தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போன ஒன்று என்ற எண்ணம். மூலிகையைப் பாலில் காய்ச்சி, உறவினர்கள் பிடித்துக்கொள்ள, வாயில் புகட்டினார்கள். 'நீ பிரிஜெட்தானா?' என்று கேட்டுக் கேட்டுத் தீக்கு மேலே பிடித்தார்கள்.

புரோகிராம் எழுதுகிறவனாக எனக்கு இங்கேதான் திக்கென்றது. இந்த மருந்து தோற்றுப்போக வழியே இல்லை. குணமானால் மருந்து ஜெயித்தது. ஆகவில்லையா, அவள் மனுஷியே இல்லை என்று நிரூபணமாயிற்று, இன்னும் கடுமையாகக் கொடு. மரு விஷயத்தில் இந்தக் கணக்கால் நஷ்டம் நத்தைக்கு மட்டும்.

மார்ச் 15 இரவு மைக்கேல் அவரை எரித்துக் கொன்றான். ஒரு வாரம் கழித்து ஆழமில்லாத குழியில் உடல் கிடைத்தது. அவனுக்கு 20 ஆண்டு தண்டனை. உடன் இருந்த உறவினர்கள் சிலரும் சிறைக்குப் போனார்கள். 1910-ல் அவன் விடுதலையானான்.