நம் வீட்டை வரைந்தவர்கள்

பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எங்கள் காலனி கொத்தனார் அண்ணன் கோடு போட்டார். திண்ணை, கூடம், ஒரு அறை, அடுப்பங்கரை. ‘கூடம் 16 அடி வெச்சிக்கலாம் தம்பி. 13 வாணாம், மனையடி சாஸ்திரத்துல ஆவாது’ என்றார். புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஆயா தலையைத் தூக்கவில்லை. ‘அடி கெடக்கட்டும். மண்ணு யாரு பேர்ல கீதுன்னு பாத்தியா?’

பட்டா இருக்கிறது. அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாள். அந்தக் கேள்வி அவள் வாயில் வந்து உட்கார்ந்த கதை எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு மூலமான 1892ஆம் வருச அரசாணை அதிலிருந்து வந்தது. நிலத்தைப் பேசுகிற நாம், மனையைப் பற்றி அதில் இருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சேரி இருக்கிற மண்ணும் தங்களது என்றார்கள் மிராசுதார்கள். கூலி பத்தவில்லை என்று வாயைத் திறந்தால், வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், குடிசையைக் காலி பண்ணு என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட மண்ணில் எவன் செங்கல் வைப்பான்? நாளைக்குப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மூங்கிலும் கீற்றுமாகத்தான் கட்டுவான். ‘அவங்களுக்குக் குடிசதான் பழக்கம்’ என்று ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் லட்சணம் இது.

மண்ணோடு முடியவில்லை. தெற்கே திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் நாடார்களே மாடி வைத்துக் கட்டக்கூடாது என்றிருந்தது. புலையர், பறையர் கதையைக் கேட்கவே வேண்டாம். தீண்டத்தகாதவர்கள் செய்தால் குற்றம் என்று கிராமம் வைத்திருந்தவற்றை அம்பேத்கர் வரிசைப்படுத்தியிருக்கிறார். ஓட்டுக் கூரை போடுவது அதில் ஒன்று. சேரி ஊருக்குத் தென்திசையில் இருக்க வேண்டும் என்பதும் அதிலே வருகிறது. நம் வீட்டின் பிளான் ரொம்ப காலம் ஊர்க்காரன் கையில் இருந்தது.

பிறகு சர்க்கார் கைக்கு வந்தது. 1920களில் லேபர் டிபார்ட்மெண்ட் மனை வாங்கிக் கொடுத்தது, விலையைத் தவணையாக நம்மிடமே வசூல் பண்ணியது. 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி கேட்ட சனங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மண் அவனுக்கே சொந்தம் என்ற குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. டிரெமென்ஹீர் எழுதி 80 வருசம் கழித்து! 1974இல் தாட்கோ. தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது அதன் ஆரம்ப வேலைகளில் ஒன்று. எரியாத வீடு என்பதே நமக்கு ஒரு திட்டமாக வேண்டியிருந்தது, பாருங்கள்.

அந்தக் காலனி வீடுகளில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன். ஒரு அறை, ஒரு தாழ்வாரம், வரிசை முழுக்க ஒரே அளவு. மருமகள் வந்தால் எங்கே படுப்பது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று வரைந்தவர் யாரையும் கேட்கவில்லை. நன்றிகெட்டுச் சொல்லவில்லை, அந்தக் கூரை ஒழுக ஆரம்பிக்கும்வரை எங்களைக் காப்பாற்றியது.

தன் வீட்டைத் தானே யோசித்துக் கட்டியவர் ஒருவர் நமக்கு இருக்கிறார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிப் பெயரில் பார்சி விடுதியில் இருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பிறகு பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் இரண்டே அறையில் குடும்பம். 1930களின் தொடக்கத்தில் தாதரில் இந்து காலனியில் (பெயரைக் கவனியுங்கள்) மனை வாங்கி வீடு எழுப்பினார். புத்தர் நடமாடிய மகதத் தலைநகரின் பெயரை அதற்கு வைத்தார்: ராஜகிருஹம். குடும்பம் கீழே, மேல்மாடி புத்தகங்களுக்கு. குடிசையே போதும் என்று சொல்லப்பட்ட சாதியில் பிறந்தவர் புத்தகத்துக்கு மாடி கட்டினார். ரமாபாய் அம்மாள் அங்கே அதிக நாள் வாழவில்லை, 1935 மே மாதம் இறந்துபோனார். 2020 ஜூலையில் அந்த வீட்டின் சன்னல் கண்ணாடியும் பூந்தொட்டிகளும் உடைக்கப்பட்டன.

இதையெல்லாம் கொத்தனார் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். ‘அப்ப பொஸ்தகத்துக்கு ஒரு ரூம் போடணும்ன்ற.’

‘ஆமாண்ணே. 13 அடி வந்தாலும் பரவால்ல.’

சிரித்துவிட்டுப் போட்டார். மாடி இப்போதைக்கு முடியாது, துட்டு இல்லை. படிக்கட்டுக்கு மட்டும் அஸ்திவாரம் போட்டு வைப்பது என்று பேசி, பின்பக்கம் கோடு இழுத்தார்.

ஆயா இப்போது தலையைத் தூக்கினாள். ‘பின்னாடி இன்னாத்துக்கு? படிய ஊர்த் தெருவ பாத்து வையி.’