காலை வேகநடையும் சாப்பாட்டுக்குப் பின் உலாவலும்

நடக்கச் சொல்லாத சர்க்கரை டாக்டர் இல்லை. எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. விடிகாலையில் ஒரே மூச்சாக முக்கால் மணி நேரம் விரைந்து நடப்பவர்கள் ஒரு கட்சி. சாப்பிட்டு எழுந்ததும் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து நிமிடம் உலாவுகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாலும் சர்க்கரை இறங்குகிறது. ஆனால் இறங்கும் விதம் ஒன்றல்ல.

ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக வேண்டுமானால், குளூட்-4 என்னும் புரதம் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதை வரவழைப்பது இன்சுலின். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் தசை அந்த அழைப்புக்கு மந்தமாகவே அசைகிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் கூப்பிடாமலேயே குளூட்-4 மேலே வந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பின் உலாவுகிறவருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இந்த வழிதான். சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும் நேரத்தில் தொடையும் கெண்டைக்காலும் அதை இழுத்துக்கொள்கின்றன. உட்கார்ந்துவிட்டால் சிறிது நேரத்தில் அந்த இழுப்பு அடங்கிவிடும்.

வேகநடையிலும் இதே வழி திறக்கிறது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. தசை தன்னிடமிருந்த சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜனைச் செலவழித்திருக்கிறது, அதைத் திரும்ப நிரப்ப வேண்டும். அதனால் நடந்து முடித்த பிறகும், குறைந்த இன்சுலினுக்கே தசை இணங்குகிறது. இன்சுலின் உணர்திறன் கூடுவது என்பது இதுதான். ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்வரை இது நீடிக்கும், பிறகு மங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நடையை விடாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இதுவே. வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி: பேச முடியும், பாட முடியாது. பூங்காவில் அரசியல் பேசியபடி ஊர்ந்துவிட்டு, வாசல் கடையில் வடையோடு முடிப்பது இந்தக் கணக்கில் சேராது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த முதியவர்கள் ஒருமுறை காலையில் 45 நிமிடம் நடந்தார்கள். இன்னொருமுறை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தார்கள். முழு நாள் சராசரியில் இரண்டுமே பலன் தந்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்கியதில் குட்டி நடையே முந்தியது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016இல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 41 பேரிடம் செய்த ஆய்விலும் அதே கதை: ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, வேளைக்கு 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவு, இரவில் மட்டும் 22 சதவீதம். ஒன்பதரைக்குத் தோசை தின்றுவிட்டு டிவி முன் சாயும் நம் வீடுகளுக்கு இந்த 22 முக்கியமான எண்.

ஆனால் இவை சில நாள், சில வாரக் கணக்குகள். நோய் வராமல் தடுக்குமா என்ற கேள்வியில் தராசு வேகநடைப் பக்கம் சாய்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு தினமும் அரை மணி நேர வேகநடையை வலியுறுத்திய பிரிவில், சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தந்த பிரிவில் 26.4. எடை பெரிதாக இறங்காமலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆகவே விளிம்பில் நிற்கும் நாற்பது வயதுக்காரருக்கு வேகநடையைத்தான் முதலில் சொல்வேன். மூட்டுவலிக்காரருக்கும், சாப்பிட்டபின் சர்க்கரை எகிறுகிறவருக்கும் உலாவலே தோது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விரைந்து நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்; சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியோ மிட்டாயோ இருக்கட்டும். சாப்பிட்டபின் உலாவும்போது அந்த ஆபத்து பொதுவாகக் குறைவு.