காமரசவல்லிச் சாக்கை மாராயன்: 11ஆம் நூற்றாண்டு நடிகர் ஒருவரின் தொழில் வாழ்வு

காமரசவல்லி, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஊர். சோழர் காலத்தில் இது காமரவல்லிச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயமாக இருந்தது. ஊர்க் காரியங்களைச் சபை நடத்தியது. இவ்வூர்க் கார்க்கோடகேசுவரர் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கல்வெட்டுத் துறையின் 1914ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதன் எண் 65. அன்று இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்து உடையார்பாளையம் தாலுகாவில் இருந்தது. பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2001இலும் தனி மாவட்டங்களாயின; அரியலூர் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு 2007இல் மறுபடி பிரிந்தது. பழைய அறிக்கைகளில் அரியலூர் என்று தேடுபவருக்கு இக்கல்வெட்டு அகப்படாமல் போவதற்கு இந்த நிர்வாக மாற்றங்களே காரணம்.

கல்வெட்டின் செய்தி சுருக்கமானது. சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவர் மார்கழித் திருவாதிரையில் மூன்று, வைகாசித் திருவாதிரையில் மூன்று என ஆண்டுக்கு ஆறு முறை சாக்கைக் கூத்து, அதாவது சாக்கையர் என்ற கூத்தர் ஆடும் கூத்து, ஆட வேண்டும்; அதற்காகச் சபையார் அவருக்கு நிலம் அளித்தனர். ஆட்சியாண்டு 29 என்பதால், இராசேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்ற 1012இலிருந்து கணக்கிட்டால், இது சுமார் 1041இல் அமைகிறது. நடிகரின் பெயரில் உள்ள விக்கிரமசோழன் என்ற பகுதி காலத்தைக் குழப்பக்கூடியது. அப்பெயருடைய அரசன் அரியணை ஏறியது 1118இல். இக்கல்வெட்டுக்கும் அவனுக்கும் தொடர்பில்லை.

பெயரின் எஞ்சிய பகுதிதான் நடிகரின் வாழ்க்கையைப் பற்றி ஏதேனும் சொல்கிறது. மாராயம் என்பது அரசன் வழங்கும் சிறப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த படைத்தலைவன் கிருட்டிணன் இராமன், மும்முடிச்சோழப் பிரமமாராயன் எனப்பட்டான். அதே கோயிலைக் கட்டிய தச்சன் குஞ்சரமல்லன், இராசராசப் பெருந்தச்சன் ஆனான். தொழிற்பெயரோடோ குலப்பெயரோடோ அரசன் பெயரையும் பட்டத்தையும் சேர்த்து வழங்குவது அக்கால வழக்கம். சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற பெயரும் இந்த வார்ப்பில் வருவதே. ஆகவே 1041இல் காமரசவல்லிச் சபை நிலம் தந்தபோது இவர் புதிதாக அரங்கேறியவர் அல்லர். ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த கூத்தர். கங்கைகொண்ட சோழபுரம் அப்போது தலைநகர். அதுவும் கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்திலேயே உள்ளது. பட்டம் அங்கே கிடைத்திருக்கலாம். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை என்றாலும், பட்டம் பெற்ற கூத்தர் தலைநகரின் அக்கம்பக்கத்து ஊரில் காணி பெறுவது எளிதில் பொருந்துகிறது.

கூத்து நடந்த நாட்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. இராசேந்திரனின் பிறந்த நட்சத்திரம் திருவாதிரை. அவன் பிறந்தது மார்கழித் திருவாதிரையில் என்று முன்பு கருதப்பட்டதால், அந்நாளில் நடந்த கோயில் நிகழ்ச்சிகளை அரசனின் பிறந்தநாள் விழாவாகப் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது. ஆனால் திருவாரூர்க் கல்வெட்டு அவன் பிறந்தது ஆடித் திருவாதிரையில் என்று காட்டுகிறது; கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்று விழா எடுப்பதும் ஆடியில்தான். எனவே மார்கழியிலும் வைகாசியிலும் ஆடப்பட்ட கூத்தை அரசன் பிறந்தநாளோடு கட்டிப்போட முடியாது. ஆதிரை சிவனுக்குரிய நாள். கோயிலின் இரு திருவிழாக்களுக்கு நியமிக்கப்பட்ட கூத்தர் இவர் என்பதே இயல்பான பொருள்.

மூன்று என்ற எண் முடிச்சாகவே இருக்கிறது. மூன்று இரவுகளா, ஒரே இரவில் மூன்று பகுதிகளா? திருவாவடுதுறைக் கல்வெட்டொன்று குமரன் சீகண்டன் என்பவர் புரட்டாசித் திருவிழாவில் ஆடவேண்டிய ஆரியக்கூத்தை ஏழு அங்கம் எனக் கணக்கிடுகிறது. அங்கம் என்பது கதையின் பகுதி. காமரசவல்லியிலும் அப்படியே கொண்டால், விழாவுக்கு ஒரு கதை மூன்று பகுதிகளாக ஆடப்பட்டது எனலாம். தனித்தனி ஆட்டங்களாகக் கொண்டாலும் தவறில்லை. எப்படியானாலும் ஆண்டில் ஆறு தடவைக்கு மேல் அவ்வூர் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. மற்ற நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதே அடுத்த கேள்வி.

அதற்குமுன் அவர் எவ்வகைக் கூத்தர் என்று அறிய வேண்டும்; அதற்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் வழிகாட்டி சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். கூத்தைச் சாந்திக் கூத்து, வினோதக் கூத்து என்று பகுப்பது அவர் உரையால் நிலைபெற்றது. சாந்திக் கூத்தில் சொக்கம், மெய், அவிநயம், நாடகம் என நான்கு. வினோதக் கூத்தில் குரவை, கலிநடம், குடக்கூத்து, கரணம், நோக்கு, தோற்பாவை என ஆறு. நகைத்திறத்தைக் கூட்டி ஏழாக எண்ணும் வழக்கையும் உரை குறிக்கிறது. இந்தச் சட்டகத்தைக் கல்வெட்டுகளின் மேல் வைத்துப் படிப்பவர்கள், பின்னர் நாம் காணும் தஞ்சைக் கல்வெட்டில் வரும் சாந்திக்கூத்தனை உயர்ந்த நாடகக் கலைஞனாகவும், காமரசவல்லிச் சாக்கையனை ஏழாவதான நகைக்கூத்துக்கு உரியவனாகவும் பிரித்துவிடுகின்றனர். இதே பெயருடைய கேரளச் சாக்கியார் விதூடகனாக மேடையேறி ஊரைக் கேலி செய்வது இந்த முடிவுக்குத் துணையாக நிற்கிறது.

இந்தப் பகுப்பை ஏற்பதில் பல தடைகள் உண்டு. முதலாவது காலம். அடியார்க்கு நல்லார் கலிங்கத்துப்பரணியை அறிந்தவர். அப்பரணி முதலாம் குலோத்துங்கன் ஆட்சியின் பிற்பகுதியில் எழுந்தது. ஆகவே அவர் 12ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டவர் அல்லர். அந்நூற்றாண்டா அடுத்ததா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. காமரசவல்லிக் கல்வெட்டுக்கும் அவருக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்திருக்கின்றன.

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. அவர் எழுதியது நூல்களிலிருந்து. முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய பழைய நாடக நூல்கள் இறந்துபட்டன என்று அவரே வருந்துகிறார். எஞ்சியவற்றில் இசைநுணுக்கம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் போன்றவற்றைக் கொண்டு உரை வகுக்கிறார். தம் காலத்துக் கோயில் முற்றத்தில் எந்தக் கூத்தர் என்ன ஆடினார் என்று பதிவு செய்வது அவர் நோக்கம் அன்று. அவர் தந்த வேத்தியல் பொதுவியல், ஆரியம் தமிழ், இயல்பு தேசி, வசை புகழ் போன்ற இணைகள் ஒரே கூத்தைப் பல கோணங்களில் பார்க்கும் வழிகள். ஒரு கூத்து ஒரே சமயத்தில் சாந்தியும் ஆரியமும் வேத்தியலுமாக இருக்கலாம். பின்வந்தோர் இவற்றை ஒன்றையொன்று விலக்கும் அறைகளாக மாற்றிவிட்டனர். இந்தப் பழியில் உரையாசிரியரின் பங்கு சிறிது; ஆனால் அவருடைய ஒழுங்கான பட்டியல்தான் அதற்கு இடம் கொடுத்தது.

மூன்றாவது, சாக்கையன் நகைக்கூத்தன் என்பதற்குச் சிலப்பதிகாரமே எதிர்ச்சான்று. நடுகற் காதையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன் ஆடுவது கொட்டிச்சேதம். உமை ஒரு பாகமான சிவன் ஆடிய ஆட்டம் அது; பாதி உடல் அசைய மறுபாதி அசையாமல் நிற்கும் கடினமான நடிப்பைக் கோருவது. இதில் நகை இல்லை. ஆனால் அடியார்க்கு நல்லார் உரை இந்தக் காதைக்குக் கிடைக்கவில்லை. சாக்கையனை அவர் எந்த வகையில் வைத்திருப்பார் என்று உறுதியாகக் கூற வழியில்லாத இடத்தில், அவருடைய பெயரால் அவனை நகைக்கூத்தில் சேர்ப்பது பொருந்தாது. ஆதிரை நாளில் சிவன் கோயிலில் ஆடிய காமரசவல்லிச் சாக்கையருக்கு, கேரளத்து விதூடகனைவிட வஞ்சி அரண்மனைச் சாக்கையன் நெருங்கியவன் எனக் கொள்வதே தக்கது. சிலப்பதிகாரத்தின் காலம் பற்றிய வழக்கு இந்த வாதத்தைப் பாதிக்காது; அந்நூலை எவ்வளவு பின்தள்ளினாலும் அது 1041க்கு முற்பட்டதே.

கூத்தின் வகையை விட்டு, கூத்தருக்குக் கிடைத்த வருமானத்தைப் பார்த்தால் தெளிவு கூடும். இத்தகைய கூத்தருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்படுவது அரிது.  சோழ நாட்டில் அவர்களைப் பதிவு செய்யும் வேலையைக் கோயில் சுவர் செய்தது.

காமரசவல்லிச் செய்திக்கு ஒப்புநோக்கத் தக்கது தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இரண்டாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. சுமார் 1057ஐச் சேர்ந்தது. சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற விசயராசேந்திர ஆசாரியன் வைகாசிப் பெரிய திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்கப்பட்டது. கலம் என்ற அளவைக்கு மூன்று தூணி. எனவே 120 கலம் 360 தூணி. ஆண்டை 360 நாளாக வைத்தால் நாளொன்றுக்கு ஒரு தூணி. ஆட்டம் ஒரு விழாவில் மட்டும். படி ஆண்டு முழுவதற்கும்.

இவருடைய பட்டத்திலும் காலக்குறிப்பு உண்டு. விசயராசேந்திரன் என்பது முதலாம் இராசாதிராசன் கல்யாணபுரத்தை அழித்து வீராபிடேகம் செய்துகொண்டபோது சூடிய பெயர். அவன் 1054இல் கொப்பத்துப் போரில் இறந்தான். ஆகவே ஆசாரியர் பட்டம் பெற்றது பெரும்பாலும் அதற்கு முன்பு. தஞ்சை நிவந்தம் கிடைத்தபோது அவரும் அனுபவசாலியே. பெயரில் உள்ள திருமுதுகுன்றம் இன்றைய விருத்தாசலம். அரியலூருக்கு வடக்கே உள்ள தலம். அவர் அவ்வூரில் பிறந்தவராகவோ அவ்வூர் இறைவன் பெயர் தாங்கியவராகவோ இருக்கலாம்.

120 கலம் பெரிய தொகையா? இராசராசன் 1014இல் தஞ்சைக் கோயிலுக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். நட்டுவனுக்கு இரு பங்கு. தனியாளாகப் பார்த்தால் ஆசாரியர் ஆடல்மகளைவிடச் சற்று மேலே, நட்டுவனுக்குக் கீழே நிற்கிறார். ஆனால் நாடகம் தனியாள் ஆடுவதன்று. பிற வேடக்காரர், பாடுவோர், கொட்டுவோர் எல்லோரும் இந்த நெல்லில் பங்கு கொண்டிருந்தால் ஒரு குழு ஆண்டு முழுதும் இதைக் கொண்டு பிழைக்க முடியாது. அக்குழு வேறு கோயில்களிலும் ஆடியிருக்க வேண்டும். காமரசவல்லியில் ஆறு ஆட்டத்துக்கு நிலம் பெற்ற மாராயனுக்கும் இது பொருந்தும். காணி நிலையான வருமானம். அதோடு விழா நாட்களைத் தொடர்ந்து ஊர் ஊராகச் செல்லும் பருவத் தொழில். சான்று மெலிந்த இடம்தான். ஆனாலும் ஆறு ஆட்டங்களின் உழைப்புக்கு ஒரு கூத்தர் ஓராண்டு முழுதும் காமரசவல்லியிலேயே அமர்ந்திருந்தார் என்று நம்புவது இதைவிடக் கடினம்.

இரண்டு ஏற்பாடுகளும் கொடையாளரைப் பொறுத்து வேறுபடுகின்றன. தஞ்சை அரச கோயில். பண்டாரத்திலிருந்து நெல் அளக்கிறது. காமரசவல்லி சபையின் ஊர். நிலத்தையே பிரித்துத் தருகிறது. நெல் பெறுபவர் கோயிலை நம்பி இருப்பவர். நிலம் பெறுபவருக்கோ ஊரில் ஓர் இடம் உண்டு, சாகுபடி உண்டு. சாந்தி, வினோதம் என்ற பகுப்பைவிட இந்த வேறுபாடு கூத்தர்களின் வாழ்வை அதிகம் தீர்மானித்திருக்கும்.

இராசராசேசுவர நாடகத்தின் கதையைப் பற்றியும் ஒரு சொல். அது இராசராசனின் வாழ்க்கை வரலாறு என்று நாடக வரலாறுகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. ஆனால் இராசராசேசுவரம் என்பது தஞ்சைக் கோயிலின் பெயர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் பூம்புலியூர் நாடகம் என்றொரு படைப்பு கல்வெட்டால் தெரியவருகிறது. அது திருப்பாதிரிப்புலியூர்த் தலத்தின் பெயரைத் தாங்கியது. தலத்தின் பெயரால் நாடகம் வழங்குவது வழக்கமாக இருந்தபோது, தஞ்சை நாடகத்தையும் தலத்தின் கதையாகக் கொள்வதே முறை. அக்கதையில் கோயிலைக் கட்டிய அரசனும் ஒரு பாத்திரமாக வந்திருக்கலாம். அதற்கு மேல் செல்ல நாடகத்தின் ஏடு நம்மிடம் இல்லை.

தமிழ்நாட்டில் சாக்கையர் என்ற பெயர் பிற்காலத்தில் மறைகிறது. கேரளத்தில் சாக்கியார்கள் கூத்தம்பலங்களில் தொடர்ந்தனர்; அவர்களுடைய கூடியாட்டத்தை யுனெஸ்கோ 2001இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. இரு மரபுகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது பெயரொற்றுமையால் ஏற்கத்தக்கது. ஆனால் இன்றைய சாக்கியாரின் சமசுகிருத நாடகத்தை அப்படியே 11ஆம் நூற்றாண்டுக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோக முடியாது. ஆரியக்கூத்து என்று தனியே பெயரிடத் தெரிந்த கல்வெட்டுகள் காமரசவல்லியில் அச்சொல்லை ஆளவில்லை. மாராயன் ஆடியது தமிழ்க் கதையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

கூத்தருக்கு அளித்த காணிகள் பொதுவாக வழிவழி உரிமைகளாகவே இருந்தன. தஞ்சையில் ஆசாரியரின் வர்க்கத்தாரும் அந்த உரிமையைப் பெற்றனர். காமரசவல்லி நிலமும் மாராயனுக்குப் பின் அவர் மக்களுக்குச் சென்றிருக்க வேண்டும். ஆட்டம் நின்றால் நிலமும் கைமாறும் என்பது இத்தகைய காணிகளின் நிபந்தனை. 1279ஐ ஒட்டிச் சோழர் ஆட்சி முடிந்து கங்கைகொண்ட சோழபுரம் தலைநகர்த் தகுதியை இழந்தது. பிரமதேயச் சபைகளும் அடுத்துவந்த காலத்தில் வலுவிழந்தன. அரசவையின் பட்டத்தையும் சபையின் நிலத்தையும் சார்ந்திருந்த இத்தொழிலுக்கு இவ்விரண்டுமே ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் இல்லாமற்போயின.