ஒரு கை குறையுது!

சீட்டு ஆடக் கற்றுக்கொள்வது ஒரு மதியத்து வேலை. ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. காரியாபட்டி ஆகட்டும், சிவகாசி ஆகட்டும், லீவு நாளில் திண்ணையில் துண்டை விரித்ததும் வரும் முதல் வார்த்தை, "ஒரு கை குறையுது, வர்றியா மாப்ள?" என்பதுதான். இரண்டு கட்டுச் சீட்டு, ஆளுக்கு 13. ஐந்தாறு பேர் உட்கார்ந்தால்தான் ரம்மி களைகட்டும்.

சரி, வந்தவரை வாராவாரம் வரவைப்பது எப்படி? இதற்கு விடை ஒரு பழைய சட்டத்தில் இருக்கிறது.

1930-ல் மதராஸ் மாகாணத்தில் சூதாட்டச் சட்டம் வந்தது. சீட்டுக்கட்டு இருக்கும் வீடெல்லாம் சூதாட்ட விடுதி என்று அது சொல்லவில்லை. ஆட்டத்தை வைத்து வீட்டுக்காரர் லாபம் பார்க்கிறாரா என்பதுதான் அதன் முக்கியமான கேள்வி. திறமையை நம்பிய ஆட்டங்களுக்கு விலக்கும் கொடுத்தது.

ரம்மி எந்தப் பக்கம்? 1963-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றில் போலீஸ் ரெய்டு நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1967-ல் தீர்ப்பானது. மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல ரம்மி. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கவும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று முடிவு செய்யவும் திறமை வேண்டும் என்றது கோர்ட். கிளப் கட்டணம் வாங்கியதையும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பந்தய ஆட்டத்தில் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றது.

வீட்டு ஆட்டம் நிலைக்கும் சூட்சுமமும் இதுதான். வீட்டுக்காரர் பங்கு எடுக்க மாட்டார், காபி கொடுப்பார். ஒருவன் தொடர்ந்து தோற்றால் பாயிண்ட் காசைக் குறைப்பார்கள், "போதும்டா, வீட்டுக்குப் போ" என்பார்கள். அவனை மொட்டையடித்தால் அடுத்த ஞாயிறு ஒரு கை குறையுமே! திண்ணையிலும் குடி கெட்டவர்கள் உண்டு. ஆனால் தடுக்கவும் பக்கத்தில் ஆள் இருந்தது.

பிறகு செல்போன் ரம்மி வந்தது. ஆள் தேடும் கஷ்டமே போயிற்று. நள்ளிரவிலும் ஐந்து பேர் தயார். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்குக் கமிஷன். ஒருவன் காலியானால் இன்னொருவன். கடனும் தற்கொலையும் தொடர்ந்து செய்தியாக, 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. அதே ஆண்டு தடைச் சட்டமும் இயற்றப்பட்டது. ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்தது.

செல்போனில் எத்தனை பேர் அழிந்தாலும் கை குறையவில்லை. திண்ணையில் ஒருவர் வராவிட்டாலே ஆட்டம் நின்றுவிடும். அதனால்தான் அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.