குற்றவாளிக் கூண்டில் ஒரு பாட்டு

சைக்கிள் கடையில் ‘சொல்யூஷன்’ என்று கேட்டால் பஞ்சர் ஒட்டுகிற பசையை எடுத்து நீட்டுவார்கள். கெமிஸ்ட்ரி லேபில் அதே வார்த்தைக்குக் கரைசல் என்று அர்த்தம். கணக்கு வாத்தியாரிடம் போனால் விடை. அரசியல்வாதி மைக் பிடித்துச் சொன்னால் தீர்வு! ஒரே வார்த்தைதான், இடத்துக்கு இடம் வேஷம் மாற்றுகிறது. பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே வெண்பா பாடிய காளமேகப் புலவர் கையில் கிடைத்திருந்தால் விட்டிருப்பாரா?

புலவர் கையில் கிடைக்கவில்லை. 1980-ல் இங்கிலாந்தில் ஒரு ராக் குழுவின் கையில் கிடைத்தது. அவர்கள் பாட்டுக்கு வைத்த தலைப்பு ‘சூயிசைட் சொல்யூஷன்’.

இதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள் பார்ப்போம்? ‘தற்கொலையே தீர்வு’ என்று படிக்கலாம். ‘உயிரை மாய்க்கும் கரைசல்’, அதாவது மது என்றும் படிக்கலாம். முதல் அர்த்தம் என்றால் அது விஷம். இரண்டாவது என்றால் அது எச்சரிக்கை. இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்த இடைவெளியில்தான் ஒரு தகப்பனின் கண்ணீரும், சில வக்கீல்களின் வாதமும், அமெரிக்க அரசியல் சட்டமும் வந்து விழுந்தன.

முதலில் பாடியவரைப் பார்த்துவிடலாம். பெயர் ஆஸி ஆஸ்போர்ன். 1948-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். காதைப் பிளக்கும் கிட்டார், இடி இடிக்கும் டிரம்ஸ், இருட்டையும் சாவையும் பற்றிய பாட்டுகள்... ‘ஹெவி மெட்டல்’ என்று இன்றைக்கு நாம் சொல்லும் சங்கீதத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட ‘பிளாக் சபாத்’ குழுவின் பாடகர். குடியும் போதைமருந்தும் எல்லை மீறிப் போகவே, 1979-ல் அந்தக் குழுவே அவரை வெளியே அனுப்பிவிட்டது. மனிதர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஹோட்டல் அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் குடித்தார். ‘இனி எழுந்திருக்க மாட்டார்’ என்றே பலரும் நினைத்தார்கள்.

எழுந்தார். பிறகு மனைவியாகவும் ஆன ஷாரன்தான் தூக்கி நிறுத்தினார். 1980-ல் புதிய குழுவோடு ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’ என்ற ஆல்பம் வந்தது. அதில், முதல் பக்கத்தின் கடைசியில் வருகிறது நம் பாட்டு. இசையில் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸின் பங்கு, வரிகளில் பேஸ் கிட்டார் வாசித்த பாப் டெய்ஸ்லியின் பங்கு.

பாட்டு மது வகைகளின் பெயரோடுதான் தொடங்குகிறது. குடி மெல்ல மெல்லக் கொல்லும் என்பதுதான் ஆரம்பத்திலேயே வரும் சேதி. காது கொடுத்துக் கேட்கிற யாருக்கும் இது புரியும். ஆனால், நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போகப் போக, ‘இதைத் தவிர வேறு வழியே இல்லை’ என்கிற தொனியிலும் ஒரு வரி வருகிறது. குடிகாரனின் புலம்பலாக அதைக் கேட்கலாம். கேட்பவனுக்குச் சொல்லும் யோசனையாகவும் கேட்கலாம்.

சரி, இந்தக் குடிகாரன் யார்? இங்கேதான் வேடிக்கை. ஆஸியைக் கேட்டால், “பான் ஸ்காட்டை நினைத்துப் பாடியது” என்றார். ‘ஏ.சி./டி.சி.’ குழுவின் பாடகர் பான் ஸ்காட், 1980 பிப்ரவரியில் ஒரு ராத்திரி அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, லண்டனில் நிறுத்திவைத்திருந்த காருக்குள்ளேயே செத்துப் போனார். வயது 33. ராக் உலகம் ஆடிப்போயிருந்த நேரம். ஆஸி சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால், வரிகளை எழுதிய டெய்ஸ்லியைக் கேட்டால், “பான் ஸ்காட்டா... இல்லையே! நான் எழுதியது ஆஸியைப் பற்றி” என்கிறார். குடித்தே தன்னை அழித்துக்கொண்டிருந்த ஒரு நண்பனுக்குச் சொன்ன எச்சரிக்கையாம். அந்த நண்பனோ, அது செத்துப்போன வேறொருவனுக்கான பாட்டு என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மேடை மேடையாகப் பாடிக்கொண்டிருந்தார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதியவருக்கும் பாடியவருக்குமே பாட்டின் அர்த்தம் ஒன்றாக இல்லை. அப்புறம் கேட்கிறவனுக்கு?

அந்தக் ‘கேட்கிறவன்’ கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 19 வயதுப் பையன். 1984 அக்டோபரில் ஒரு ராத்திரி, வீட்டு ஹாலில் இருந்த ஸ்டீரியோவில் ஆஸியின் ஆல்பங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். ‘சூயிசைட் சொல்யூஷன்’ இருக்கும் பக்கமும் அதில் அடக்கம். பிறகு தன் அறைக்குப் போனான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ‘ஸ்பீக் ஆஃப் தி டெவில்’ என்ற இன்னொரு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை ஓடவிட்டான். மறுநாள் காலையில் பார்த்தபோது பையன் உயிரோடு இல்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தான். காதில் ஹெட்ஃபோன் இருந்தது. இசைத்தட்டு அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்த பெற்றோரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஏன்?’ என்ற கேள்வி அவர்களைத் தூங்க விடுமா? பதில் சொல்ல வேண்டியவன் போய்விட்டான். மிச்சம் இருந்தது அந்த இசைத்தட்டு மட்டும்தான். அதன் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், ‘தற்கொலை’ என்ற வார்த்தை பாட்டின் பெயரிலேயே இருக்கிறது!

ஆஸி மீதும், இசைத்தட்டை வெளியிட்ட சி.பி.எஸ். கம்பெனி மீதும் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். பாட்டின் வரிகளோடு அவர்கள் நிற்கவில்லை. நடுவில் 28 வினாடிகளுக்கு வெறும் வாத்தியம் ஒலிக்கும் இடத்தில், சாதாரணப் பேச்சைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் சில வார்த்தைகள் ஒளிந்திருக்கின்றன, அவை கேட்பவனைச் சாவுக்குத் தூண்டுகின்றன என்றும் சொன்னார்கள். ஆஸி தரப்பு அடியோடு மறுத்தது. ஆக, ஒரு பாட்டுக்கு எத்தனை அர்த்தம் ஆகிவிட்டது பாருங்கள்... மதுவுக்கு எதிரான எச்சரிக்கை, பான் ஸ்காட்டுக்கு அஞ்சலி, ஆஸிக்குக் கண்டிப்பு, தற்கொலைக்கு அழைப்பு, போதாக்குறைக்கு ரகசியக் கட்டளை வேறு!

ஆஸியின் நேரமும் சரியில்லை. 1982-ல் மேடையில் யாரோ வீசிய வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துத் தொலைத்தவர் அவர். ‘இந்த ஆள் எதுவும் செய்வான்’ என்று ஊர் உலகம் நம்பத் தயாராக இருந்தது. அதோடு, அன்றைய அமெரிக்காவே ராக் பாட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

1985 செப்டம்பர் 19. வாஷிங்டனில் செனட் குழு ஒன்றின் விசாரணை. பிள்ளைகள் கேட்கும் பாட்டுகள் கெட்டுக் கிடக்கின்றன என்று புகார் சொன்ன பெற்றோர் அமைப்பின் முக்கியப் பெண்மணி டிப்பர் கோர். இவருடைய கணவர் அல் கோர் அப்போது செனட்டர், விசாரித்த குழுவிலும் ஒருவர்! பிற்பாடு துணை ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். சாட்சி சொல்ல வந்தவர் ‘ட்விஸ்டட் சிஸ்டர்’ குழுவின் டீ ஸ்னைடர். சடைமுடியும் கையில்லாத ஜீன்ஸ் மேல்சட்டையுமாக வந்தவரைப் பார்த்து, ‘இவன் என்ன பேசிவிடப் போகிறான்’ என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

ஸ்னைடர் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துத் தெளிவாகப் பேசினார். அவருடைய ‘அண்டர் தி பிளேட்’ என்ற பாட்டு பெண்ணைக் கட்டிவைத்துக் கொடுமை செய்வதைப் பற்றியது என்பது டிப்பர் கோரின் குற்றச்சாட்டு. ஸ்னைடர் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? அவர் குழுவின் கிட்டாரிஸ்ட்டுக்குத் தொண்டையில் ஆபரேஷன். ஆபரேஷன் தியேட்டரில் கத்திக்குக் கீழே படுத்திருக்கிறவனின் பயம்தான் பாட்டு! வக்கிரம் பாட்டில் இல்லை, தேடியவரின் மனசில்தான் இருக்கிறது என்று பளிச்சென்று சொல்லிவிட்டார்.

அதே நாளில் சாதுவான நாட்டுப்புறப் பாடகர் ஜான் டென்வரும் வந்திருந்தார். மலையின் அழகில் கிறங்கிப்போய் அவர் பாடிய ‘ராக்கி மவுண்டன் ஹை’யையே போதைமருந்துப் பாட்டு என்று சொல்லி, சில ரேடியோ நிலையங்கள் ஒதுக்கிவைத்த கதையைச் சொன்னார். அன்றைக்குப் பேசியவர்கள் என்ன சொன்னாலும், அந்த வருஷ நவம்பரிலேயே இசைத்தட்டுக் கம்பெனிகள் எச்சரிக்கை வாசகம் அச்சிட ஒப்புக்கொண்டன.

ஆஸி வழக்குக்கு வருவோம். கீழ்க்கோர்ட் தள்ளுபடி செய்தது. 1988-ல் கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ‘இந்தப் பாட்டுக்கு இதுதான் ஒரே அர்த்தம்’ என்று முத்திரை குத்தும் வேலையில் நீதிபதிகள் இறங்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. இந்த ஆளை, இந்த நேரத்தில், இந்தக் காரியத்தைச் செய்ய வைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு தூண்டினார்களா? பாட்டு பதிவானது 1980-ல். பையன் இறந்தது 1984-ல். முன்பின் தெரியாத ஒருவனை உத்தேசித்துக் கட்டளை போட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? கவிதையும் பாட்டும் உவமையாகப் பேசுபவை, நியாயமான மனிதர்கள் அவற்றை நேரடி உத்தரவாக எடுத்துக்கொள்வதில்லை என்பது கோர்ட்டின் பார்வை. பேச்சுரிமை பாட்டுக்கும் உண்டு என்றது தீர்ப்பு. ஜார்ஜியா மாநிலத்தில் இதே பாட்டின் மீது இன்னொரு குடும்பம் போட்ட வழக்கும் 1991-ல் தோற்றது.

வரிகளை வைத்து ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டதா... அடுத்து வந்த பெரிய வழக்கின் விசாரணை வரிகளைச் சுற்றி நடக்கவில்லை! நெவாடா மாநிலத்தில் 1985-ல் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவன் அங்கேயே இறந்தான், மற்றவன் மூன்று வருஷம் கழித்து. அன்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ குழுவின் ஆல்பம். அதில் ஒரு பாட்டில், மனசுக்கு மட்டும் எட்டும்படி ‘செய்துவிடு’ என்ற ரகசியக் கட்டளை புதைந்திருக்கிறது என்று குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். காதுக்குப் புரியாத ரகசியச் சேதிக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிபதி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால், குழுவுக்கு நிஜமாகவே வியர்த்தது.

1990-ல் ரீனோ நகரக் கோர்ட்டில் விசாரணை. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் சாட்சிக் கூண்டில் வாத்தியம் இல்லாமல் பாடிக் காட்டினார். தங்கள் பாட்டையே தலைகீழாக ஓடவிட்டு, அதிலும் சம்பந்தா சம்பந்தமில்லாத உளறல்கள் ‘கேட்பதை’ நிரூபித்தார். தேடினால் எதுவும் கேட்கும் என்பது வாதம். கடைசியில் நீதிபதி, அந்தச் சத்தம் பாடகர் மூச்சுவிடும் ஓசையும் கிட்டார் ஒலியும் தற்செயலாகக் கலந்தது, வேண்டுமென்றே வைத்தது அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். ரகசியக் கட்டளை என்று நினைத்தது... வெறும் மூச்சுக்காற்று!

பெற்றோர்களைக் குறை சொல்ல நமக்கு மனசு வராது. பிள்ளையை இழந்தவர்களுக்குக் காரணம் என்று ஒன்று வேண்டும். அது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய காரணமாக, யாரையாவது கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கக்கூடிய காரணமாக இருந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும். ஆனால், பாட்டைக் கூண்டில் ஏற்றினால் ஒரு சிக்கல். அது பதில் சொல்லாது. கேட்பவர் எதைக் கொண்டுபோகிறாரோ அதையே திருப்பித் தரும். ஆஸி, செத்துப்போன சக பாடகனைக் கேட்டார். டெய்ஸ்லி, குடியில் மூழ்கும் நண்பனைக் கேட்டார். துக்கத்தில் இருந்த தகப்பன், தன் மகனைக் கொன்றவனைக் கேட்டார்.

அந்தப் பையன் என்ன கேட்டான்? யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அவன் கடைசியாக ஹெட்ஃபோனில் ஓடவிட்ட ஆல்பத்தில் ‘சூயிசைட் சொல்யூஷன்’ இல்லவே இல்லை. அதில் இருப்பவை எல்லாம் பழைய பிளாக் சபாத் பாட்டுகள்.

ஆஸி பின்னாளில் எத்தனையோ தடவை குடியை விட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டார். 2025 ஜூலை 5-ம் தேதி, பிறந்த ஊரான பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி. நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழே நாளில், 76 வயதில் போய்ச் சேர்ந்தார். டெய்ஸ்லி பயந்த சாவு, குடியால் வரவில்லை. நண்பனுக்கு எழுதிய எச்சரிக்கை பலித்ததா, அதிர்ஷ்டமா... யார் கண்டார்கள்!

ஆனால், 1988 தீர்ப்பில் சத்தமில்லாமல் ஒரு தகவல் இருக்கிறது. இறந்துபோன பையனுக்குக் கடுமையான மன உளைச்சல் இருந்தது, கூடவே குடிப்பழக்கமும் இருந்தது என்கிறது அது. ரீனோ வழக்கின் இளைஞர்களும் அன்றைக்கு பீரும் கஞ்சாவுமாகத்தான் இருந்தார்கள்.

அதாவது, அந்தப் பாட்டு எந்த வியாதியைப் பற்றியதோ, அதே வியாதிதான் அந்தப் பையனுக்கும். 28 வினாடி இசைக்குள் ஒளிந்திருக்கும் வார்த்தைகளை அத்தனை பேர் உற்றுக் கேட்டார்கள். இந்த ஒரு தகவலைக் கண்டுபிடிக்க எந்தத் தட்டையும் தலைகீழாக ஓட்ட வேண்டியிருக்கவில்லை.